லாரித் தொழிலும் எச்.ஐ.வி.யும்: நாமக்கல் சொல்லும் பாடம்

புலம்பெயர்ந்தவர்கள் என்றதும் கடல் கடந்து போனவர்களும், போருக்கு அஞ்சி அகதிகளானவர்களுமே நம் நினைவுக்கு வருகிறார்கள். சொந்த ஊரில் வீடும் ரேஷன் கார்டும் இருந்தும், ஆண்டின் பெரும்பகுதியைச் சாலையிலேயே கழிப்பவர்களும் ஒருவகையில் புலம்பெயர்ந்தவர்களே. நாமக்கல் மாவட்டத்தில் இத்தகையோர் ஏராளம்.

காவிரிக் கரையிலுள்ள மோகனூரில் ஆற்றுப் பாசனமும் சர்க்கரை ஆலையும் உண்டு. ஆற்றை விட்டுத் தள்ளிப் போனால் வானம் பார்த்த பூமிதான். மழையை நம்ப முடியாத ஊர்களின் இளைஞர்கள் லாரியில் கிளீனராக ஏறினார்கள். பிறகு ஓட்டுநரானார்கள். சிலர் பைனான்சில் வண்டி வாங்கி உரிமையாளருமானார்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளோடு போனவர்கள் மாதக்கணக்கில் வடமாநிலங்களில் தங்கி ஆழ்துளைக் கிணறு போட்டார்கள்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் அதைக் கண்டறிந்தனர். அடுத்த பத்தாண்டுகளில் தமிழகத்தில் தொற்று அதிகமுள்ள மாவட்டங்களில் நாமக்கல்லும் ஒன்றானது. உடனே பழி முழுவதும் லாரிக்காரர்கள் மேல் விழுந்தது.

ஆனால் இது நாமக்கல்லில் மட்டும் நடந்ததல்ல. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் வேலை செய்தவர்கள் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு விடுதிகளில் அடைபட்டு வாழ்ந்தார்கள். அங்கும் இதே துயரம் நேர்ந்தது. நீண்ட பிரிவு, தனிமை, வழியில் மருத்துவ வசதியின்மை ஆகியவை சேரும் இடமெல்லாம் இந்நோய் எளிதில் பரவியது. ஒழுக்கத்தை மட்டும் பேசியவர்கள் தொழிலின் அமைப்பைப் பார்க்கத் தவறினார்கள்.

இதில் அதிகம் இழந்தவர்கள் ஊரை விட்டே போகாத பெண்கள். கணவர் நோயில் விழுந்த பிறகோ, கர்ப்ப காலப் பரிசோதனையிலோதான் பலருக்குத் தங்கள் நிலை தெரிந்தது. கணவர் இறந்ததும் புகுந்த வீட்டிலிருந்து விரட்டப்பட்டவர்கள் உண்டு. சொத்தும் இல்லாமல், பிறந்த வீட்டிலும் தனித் தட்டு, தனிப் பாய் என்று ஒதுக்கப்பட்ட அவர்களை அகதிகள் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

அவர்களிடையேதான் எதிர்ப்புக் குரலும் எழுந்தது. நாமக்கல் பகுதியைச் சேர்ந்த கௌசல்யா பெரியசாமி 1995இல் லாரி ஓட்டுநர் ஒருவரை மணந்தார். சிறிது காலத்திலேயே தனக்குத் தொற்று இருப்பதை அறிந்தார். ஒளிந்துகொள்ளாமல் வெளியே வந்து பேசினார். 1998இல் வேறு சில பெண்களுடன் சேர்ந்து ‘பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்’ அமைப்பைத் தொடங்கினார். மருந்து எட்டாத அந்நாளில், ஒருவருக்கொருவர் துணையாக இருப்பதே பெரிய மருந்தாக இருந்தது.

கூட்டுமருந்துச் சிகிச்சைக்கு ஒரு காலத்தில் ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் செலவானது. 2001இல் இந்தியாவின் சிப்லா நிறுவனம் தொண்டு நிறுவனங்களுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. 2004 ஏப்ரல் 1 முதல் இந்திய அரசு இலவசமாக வழங்கத் தொடங்கியது. தமிழகம் முதற்கட்ட மாநிலங்களில் ஒன்று.

விலைச் சிக்கல் தீர்ந்தாலும் சாலையில் இருப்பவருக்கு வேறொரு சிக்கல் இருந்தது. இந்த மருந்தை ஒருநாள் கூட விடக் கூடாது. விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகலாம். மாதந்தோறும் ஒரே மையத்தில் வந்து நில் என்றால், அசாமில் லோடு இறக்கிக் கொண்டிருப்பவர் என்ன செய்வார்? உடன் இருப்பவர்கள் பார்த்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. 2020 ஊரடங்கின்போது பல மாதத்துக்கான மருந்தைச் சேர்த்துத் தரவும், அருகிலுள்ள மையத்தில் பெற்றுக்கொள்ளவும் வழி செய்யப்பட்டது. ஓட்டுநர்களுக்கு எப்போதும் தேவைப்படும் ஏற்பாடு அது.

2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், தொற்றைக் காரணம் காட்டி வேலையிலிருந்து நீக்குவதைத் தடை செய்கிறது. பாதிக்கப்பட்ட பெண்ணைக் குடும்ப வீட்டிலிருந்து வெளியேற்றவும் கூடாது. மருந்தை ஒழுங்காக உட்கொண்டு, பரிசோதனையில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்த நிலையில் தொடர்பவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவாது என்பதும் இன்று உறுதியாகியுள்ளது.

நாட்டின் சரக்கை ஊர் ஊராகச் சேர்ப்பவர்களுக்கு, அவர்கள் போகுமிடத்திலெல்லாம் மருந்து கிடைக்க வேண்டும். வீட்டில் காத்திருக்கும் பெண்ணுக்கு உண்மையை அறியும் உரிமையும், இருக்க ஓர் இடமும் வேண்டும். நாமக்கல் பெரும் விலை கொடுத்துக் கற்ற பாடம் இதுதான்.