நம் கல்லூரியின் தாத்தா

"தாத்தாவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தாருங்கள் சார்" என்று மலர்க் குழுத் தம்பி ஒருவர் தொலைபேசியில் கேட்டார். என் சொந்தத் தாத்தாவைச் சொல்கிறாரோ என்று ஒரு நிமிடம் திகைத்துவிட்டேன். அப்புறம்தான் புரிந்தது. கும்பகோணம் அரசினர் கல்லூரியில் படித்தவர்களுக்குத் தாத்தா என்றால் ஒருவர்தானே! தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர். ஆனால் என் மனசில் இரண்டு தாத்தாக்களும் சேர்ந்தேதான் வருகிறார்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

காவிரிக் கரையில் நம் கல்லூரி ஒரு பள்ளியாகத் தொடங்கியது 1854-ல். பக்கத்திலுள்ள உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்ட ஐயர் பிறந்தது 1855 பிப்ரவரி 19. ஆக, கல்லூரியை விடத் தாத்தா சற்றே இளையவர்! தந்தை வேங்கடசுப்பையர் ஊர் ஊராகச் சென்று இராமாயணம் பாடிக் கதை சொல்லி ஜீவனம் நடத்தியவர். கையில் காசு இல்லாவிட்டாலும் பிள்ளையின் தமிழ் ஆசைக்கு அவர் குறுக்கே நிற்கவில்லை. 1871-ல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். 1876-ல் பிள்ளையவர்கள் காலமாகும்வரை அந்த மாணவர் குருவை விட்டுப் பிரியவில்லை.

தாத்தா என்றதும் தலைப்பாகையும் சால்வையுமாக ஒரு முதியவரின் படம்தான் நம் கண்முன் வருகிறது. ஆனால் நம் கல்லூரிக்கு வந்தவர் கிழவர் அல்லர். இருபத்தைந்து வயது இளைஞர். தமிழாசிரியர் தியாகராச செட்டியார் ஓய்வு பெறும் வேளையில், தம் இடத்துக்கு இவர்தான் தகுந்தவர் என்று பிடிவாதமாக நின்று 1880-ல் அமர்த்திவிட்டார். செட்டியாரும் மகாவித்துவானின் மாணவரே.

அதே ஆண்டில்தான் அந்தச் சந்திப்பு. கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். இவரும் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று அடுக்கிக்கொண்டே போனார். முதலியார் முகத்தில் வியப்பே இல்லை. சிந்தாமணி படித்ததுண்டா? மணிமேகலை? சிலப்பதிகாரம்? இல்லை என்றுதான் இவர் சொல்ல வேண்டியிருந்தது. கல்லூரி ஆசிரியர், பெரிய குருவின் மாணவர், மடத்தில் பெயர் பெற்றவர். வேறொருவராக இருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். இவர் சமாளிக்கவில்லை. முதலியார் தந்த சிந்தாமணிப் பிரதியை வாங்கிவந்து, தெரிந்த பாட்டுக்காரர் தெரியாத பாட்டின் முன் மாணவராக உட்கார்ந்தார்.

அது சமண காவியம். சைவ மடத்தில் படித்தவருக்கு அதன் சமயக் கருத்துகள் பிடிபடவில்லை. கும்பகோணத்திலிருந்த ஜைனர்களைத் தேடிப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். பகலில் கல்லூரிப் பாடம், மற்ற நேரமெல்லாம் ஏடு என்று ஏழு வருஷம் ஓடிற்று. 1887-ல் சீவக சிந்தாமணி அச்சில் வந்தது. தொடர்ந்து பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894), மணிமேகலை (1898). இவை எல்லாமே அவர் நம் கல்லூரி ஆசிரியராக இருந்தபோது வந்தவை. 1903-ல் சென்னை மாநிலக் கல்லூரிக்குப் போனார். 1906-ல் மகாமகோபாத்தியாயர் பட்டம், 1932-ல் சென்னைப் பல்கலைக்கழக டாக்டர் பட்டம். எண்பத்தைந்தை நெருங்கும்போது ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' எழுதத் தொடங்கி, அதை முடிக்கும் முன்பே 1942 ஏப்ரல் 28-ல் திருக்கழுக்குன்றத்தில் கண்மூடினார். திருவல்லிக்கேணியில் அவர் வாழ்ந்த வீட்டுக்குத் 'தியாகராஜ விலாசம்' என்று பெயர். வேலை வாங்கித் தந்தவரை அவர் மறக்கவில்லை. அந்த வீட்டை 2012-ல் இடித்துவிட்டார்கள்.

இடித்தவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இப்போது என் கதை.

என் சொந்தத் தாத்தாவும் நெடுநாள் வாழ்ந்தவர். விளக்கு வைத்ததும் ஓர் ஏட்டுக் கட்டைப் பிரித்து ராகமாகப் படிப்பார். மடியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேனே தவிர, என்ன நூல் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. 1955-ல் அவர் போய்விட்டார். மறு வருஷம் ஆடிப் பதினெட்டு. எனக்குப் பத்து வயசு. வீட்டுக்கு வெள்ளையடித்தபோது பரணிலிருந்து கட்டுகளை இறக்கினார்கள்.

"பூச்சி அரிச்சுப்போச்சுடா. இனிமே யார் படிக்கப்போறா? ஆனா குப்பையில போடக்கூடாது, சரஸ்வதி. ஆத்துல விட்டுட்டு வா" என்றாள் பாட்டி.

சப்பரத்தில் அடுக்கி இழுத்துக்கொண்டு போய் நானே என் கையால் காவிரியில் விட்டேன். அவை மிதந்துபோவதைப் பார்த்துக் கைதட்டிக் குதித்தேன்.

1963-ல் பி.யூ.சி. வகுப்பில் எங்கள் தமிழாசிரியர், ஐயர் ஏடு தேடி அலைந்த கதையைச் சொன்னார். வெள்ளத்தில் விட்ட ஏடுகள், நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இட்ட ஏடுகள் என்று அவர் சொல்லச் சொல்ல எனக்கு உடம்பு கூசியது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அப்பாவைக் கேட்டேன், "தாத்தா படிச்சது என்ன புஸ்தகம்ப்பா?" அவருக்கும் தெரியவில்லை. அது வைத்திய ஏடாக இருக்கலாம். அச்சில் வந்துவிட்ட நூலாகவும் இருக்கலாம். இன்று எண்பதை நெருங்குகிறேன், அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை.

இப்போது படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுப் பரணில் ஏடு இருந்தால் தஞ்சை சரஸ்வதி மகாலுக்கோ, சென்னை பெசன்ட் நகரில் ஐயர் பெயரில் உள்ள நூல்நிலையத்துக்கோ எழுதிக் கேளுங்கள். ஏடு இல்லையா? வீட்டில் பெரியவர் இருப்பார். இந்த விடுமுறைக்குப் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்து, என்ன படிச்சீங்க, என்ன பாடினீங்க என்று கேட்டு எழுதி வையுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்டவர்தான் நமக்கெல்லாம் தாத்தா ஆனார். நான் கேட்காமல் விட்டேன். நீங்களாவது கேளுங்கள்.