நாகவொட்சைட்டுப் படலம்: ஒளியும் குறைகளும்

உயர்தரத்தில் இரசாயனவியல் படித்தவர்களுக்கு ஒரு பரிசோதனை நினைவிருக்கும். வெள்ளை நிற நாகவொட்சைட்டுத் தூளைச் சூடாக்கினால் மஞ்சளாகும். ஆறியதும் மறுபடி வெள்ளையாகும். சூட்டில் சிறிதளவு ஒட்சிசன் வெளியேறி, பளிங்கின் ஒழுங்கு குலைவதே காரணம் என்று பாடநூல்கள் சொல்லும். நாகம் வேறொன்றுமில்லை, துத்தநாகம்தான். பொருளாதாரத் தடைக் காலத்தில் வடக்கில் தேடி அலைந்த ரோச் பற்றரியின் வெளிக்கூடு அதனால் ஆனது. கலமைன் பூச்சில் இருப்பது அதன் ஒட்சைட்டு.

சூரியப் பலகைகளின் விலையைப் பற்றி நாங்கள் நிறையவே எழுதுகிறோம். ஒளி உள்ளே போகும் அதே முகத்தால் மின்னை எப்படி வெளியே எடுக்கிறார்கள் என்பதை எழுதுவது குறைவு. உலோகம் மின்னைக் கடத்தும், ஒளியை மறிக்கும். கண்ணாடி ஒளியை விடும், மின்னைக் கடத்தாது. இரண்டையும் செய்யும் படலமாகத் தொலைபேசித் திரைகளில் இருப்பது இந்தியம் என்ற அரிய உலோகம் சேர்ந்த ஒட்சைட்டு. அது விலை கூடியது. மெல்லிய படலச் சூரியக்கலங்கள் சிலவற்றில் அந்த வேலையை அலுமினியம் கலந்த நாகவொட்சைட்டு செய்கிறது.

தூய நாகவொட்சைட்டின் பட்டி இடைவெளி ஏறத்தாழ 3.3 இலத்திரன்வோல்ற்று. அதனால் 375 நனோமீற்றருக்குக் குறைந்த ஊதாக்கடந்த கதிரை அது உறிஞ்சிவிடும்; கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் போகவிடும். நூறு நாக அணுக்களில் இரண்டு மூன்றின் இடத்தில் அலுமினியத்தை வைத்தால், ஒவ்வோர் அலுமினிய அணுவும் ஓர் இலத்திரனை மேலதிகமாகத் தரும். இதைத்தான் மாசூட்டல் என்கிறார்கள். மாசு என்ற சொல் இங்கே பொருத்தமாக எனக்குப் படவில்லை. வேண்டுமென்றே, அளந்து சேர்ப்பது இது.

அப்போது ஒளிப்பண்பும் மாறும். மண்டபத்தில் முன்வரிசைக் கதிரைகள் நிறைந்தால் பிந்தி வருபவர் பின்னால்தான் போகவேண்டும். அதுபோலக் கடத்தற்பட்டியின் அடிமட்ட நிலைகளை மேலதிக இலத்திரன்கள் நிரப்பிவிடுவதால், புதிய இலத்திரனை இன்னும் உயரத்துக்கு ஏற்ற வேண்டும். உறிஞ்சல் குறுகிய அலைநீளத்தை நோக்கி நகரும். 1954இல் இதை விளக்கிய இருவரின் பெயரால் பேர்ஸ்டைன்–மொஸ் நகர்வு என்று அழைக்கப்படுகிறது. அலுமினியம் அளவு மீறினால், மிஞ்சியது பளிங்கில் இடம்பிடிக்காமல் மணிகளின் எல்லைகளில் ஒதுங்கி இலத்திரன்களுக்குத் தடையாகும்.

உண்மையான சிக்கல் கலக்காத படலத்தில் இருக்கிறது. அதுவும் ஓரளவு மின்னைக் கடத்தும். ஒட்சிசன் அணு இல்லாத வெற்றிடங்களே இலத்திரன்களைத் தருகின்றன என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 2000ஆம் ஆண்டில் கிறிஸ் வான் டி வாலே, தயாரிப்பின்போது தானாகவே நுழையும் ஐதரசன் இலத்திரனை வழங்கக்கூடும் என்று கணித்துக் காட்டினார்; அடுத்த ஆண்டே மியூவோன் பரிசோதனைகள் அதற்கு ஆதரவளித்தன. அறை வெப்பநிலையில் இலத்திரனை எளிதில் விடாத அளவுக்கு ஒட்சிசன் வெற்றிடம் ஆழமானது என்பதைப் பின்வந்த கணிப்புகள் காட்டின. ஆனாலும் வெற்றிடத்தையே காரணம் சொல்லும் கட்டுரைகள் இன்றும் வருகின்றன. படலத்தின்மேல் ஊதாக்கடந்த கதிரைப் பாய்ச்சினால் 500 நனோமீற்றரை அண்டி ஒரு பச்சை ஒளிர்வு தெரியும். அதற்கும் ஒட்சிசன் வெற்றிடம், நாக வெற்றிடம், செப்பு மாசு என மூன்று காரணங்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. பச்சையைக் கண்டவுடன் ஒன்றைக் குற்றவாளியாக்குவது அவசரம் என்பேன்.

இந்தப் பொருளோடு எங்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு. செங்குத்தாக வளர்த்த நாகவொட்சைட்டு நனோகோல்களோடு பொலிமரைச் சேர்த்த சூரியக்கலம் பற்றி 2006இல் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியானது. லண்டன் இம்பீரியல் கல்லூரியினரும் பங்குகொண்ட அதன் முதல் ஆசிரியர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியற் பேராசிரியர் பு. ரவிராஜன்.

படலத்தின் பெரிய பலவீனம் ஈரப்பதன். மணிகளின் எல்லைகள் வழியே நீராவி புகுந்தால் மின்தடை ஏறும். சந்தையில் பெரும்பாலானவை சிலிக்கன் பளிங்குப் பலகைகள். அவற்றுக்கு இந்தக் கவலை இல்லை. மெல்லிய படலப் பலகையை மன்னாரிலோ முல்லைத்தீவிலோ கடலோரக் கூரையில் பூட்ட நினைப்பவர், அதன் விளிம்புகள் எப்படி அடைக்கப்பட்டுள்ளன, 85 பாகை செல்சியஸ் வெப்பத்திலும் 85 சதவீத ஈரப்பதனிலும் 1000 மணித்தியாலம் வைத்துச் செய்யும் சோதனையில் அது தேறியதா என்ற இரண்டையும் விற்பவரிடம் கேட்கலாம்.