வளைந்து கொடுக்கும் கம்பிகள்

பள்ளிக்கூட வயதுப் பையனுக்குத் தொடை எலும்பு முறிந்தால் என்ன செய்வார்கள்? 1980 வாக்கில்கூடப் பெரும்பாலும் ஒரே பதில்தான். காலில் எடை கட்டி வாரக்கணக்கில் படுக்கை. அப்புறம் இடுப்பிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. உட்காரக்கூட முடியாது. கழிப்பறைக்கே இன்னொருவர் தூக்கிப் போக வேண்டும்!

இத்தனைக்கும் பெரியவர்களுக்கு எப்போதோ வழி பிறந்துவிட்டது. 1939-ல் ஜெர்மனியின் கீல் நகரில் கெர்ஹார்ட் குன்ட்ஷர் என்ற மருத்துவர், முறிந்த தொடை எலும்பின் உள்குழிக்குள் நீளமான எஃகு ஆணியை இறக்கினார். போர்க்கைதிகளாக இருந்து திரும்பிய வீரர்களின் எக்ஸ்ரேயில் அதைப் பார்த்த நேசநாட்டு மருத்துவர்கள் திகைத்துப் போனார்களாம்.

அதையே சிறுவனுக்கும் அடித்தால் என்ன? அங்கேதான் சிக்கல். அந்த ஆணி இடுப்புப் பக்கத்திலிருந்து இறங்குகிறது. வளரும் குழந்தைக்கு அந்த இடத்தில் எலும்பு வளரும் பகுதி இருக்கிறது. தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களும் அங்கேதான் ஓடுகின்றன. அவை அறுபட்டால் எலும்பின் தலையே செத்துப்போகலாம். காலை நேராக்கப் போய் இடுப்பைக் கெடுத்த கதை!

விடை பிரான்சின் நான்சி நகரிலிருந்து வந்தது. ப்ரெவோ, மெத்தேஸோ, லிஜியே முதலான மருத்துவர்கள் 1980 வாக்கில் மெல்லிய கம்பிகள் இரண்டை வில் போல வளைத்து, முழங்காலுக்குச் சற்று மேலே, வளரும் பகுதியைத் தொடாமல், பக்கத்துக்கு ஒன்றாக நுழைத்தார்கள். உள்ளே இரண்டும் நிமிரப் பார்த்து எதிரெதிர்ச் சுவர்களை அழுத்தும். அந்த இழுபறியில்தான் எலும்பு நேராக நிற்கிறது. முறிந்த இடம் இம்மியளவு அசையும். எனக்குப் பிடித்த விஷயமே இதுதான். முறிவு என்றாலே அசையக்கூடாது என்று நினைக்கிறோம். ஆனால் அந்தச் சின்ன அசைவுதான் புது எலும்பைச் சீக்கிரம் வளரத் தூண்டுகிறது.

வளையும் கம்பி ஒன்றும் அவர்களுடைய புது எண்ணமல்ல. ஆஸ்திரியாவில் எண்டர் என்பவர் அதற்குப் பத்தாண்டு முன்பே முதியவர்களின் இடுப்பு முறிவுக்கு முழங்கால் வழியாக வளைந்த கம்பிகளை ஏற்றியிருந்தார். நான்சிக்காரர்கள் 123 தொடை எலும்பு முறிவுகளின் அனுபவத்தை 1988-ல் ஆங்கிலத்தில் வெளியிட்டார்கள். அப்படியும் அமெரிக்காவில் இது பரவலாக மேலும் பத்தாண்டு பிடித்தது.

எல்லோருக்கும் இது பொருந்தாது. ஐந்து வயதுக்குக் கீழே பெரும்பாலும் இன்றும் மாவுக்கட்டுதான். எடை 50 கிலோவை நெருங்கினால் டைட்டானியக் கம்பி தாக்குப்பிடிக்காமல் முறிவு கோணலாகலாம். முழங்கால் அருகே கம்பியின் நுனி தோலை உறுத்துவதுதான் அடிக்கடி வரும் புகார். எலும்பு கூடியதும், சில மாதங்களில், சின்ன அறுவை சிகிச்சை செய்து கம்பிகளை உருவிவிடுகிறார்கள்.