மிச்சக் கம்பளியும் யுத்தகாலத்து அலங்காரமும்

1941-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 1-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை பிரிட்டனின் வர்த்தக மந்திரி ஆலிவர் லிட்டில்டன் வானொலியில் பேசினார். அன்று முதல் துணிமணிகளுக்கும் பங்கீடு உண்டு என்பதே அவர் சொன்ன செய்தி. மறுநாள் விடுமுறை. ஆதலால் கடைக்கு ஓடி வாங்கிக் குவிக்க எவருக்கும் அவகாசம் இல்லை. இரகசியம் வெளிப்பட்டுவிடக் கூடாதென்று துணிக்கெனத் தனிக் கூப்பன்களைக்கூட அச்சிடாமல் வைத்திருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் ஏற்கெனவே இருந்த உணவுப் பங்கீட்டுப் புத்தகத்தில், மார்கரின் என்னும் செயற்கை வெண்ணெய்க்கென ஒதுக்கப்பட்டுப் பயன்படாமல் கிடந்த கூப்பன்களே துணிக் கூப்பன்கள் ஆயின. வெண்ணெய்ச் சீட்டுக்குச் சட்டை கொடுத்த அந்தச் சாமர்த்தியத்தை வியக்காமல் இருக்க முடியவில்லை.

முதல் ஆண்டில் ஒருவருக்கு 66 கூப்பன்கள். ஆண்களின் முழு ஸூட்டுக்கு 26, பெண்களின் கம்பளி உடுப்புக்கு 11, ஒரு ஜோடிக் கையுறைக்கு 2 என்று கணக்கு வகுத்தார்கள். பின்னுவதற்கான கம்பளி நூலும் தப்பவில்லை. 2 அவுன்ஸுக்கு, அதாவது சுமார் 57 கிராமுக்கு, ஒரு கூப்பன். உலகில் கம்பளிக்குப் பஞ்சம் வந்துவிட்டதோ என்று நேயர்கள் ஐயுறலாம். பஞ்சம் இல்லை. 1939-இல் யுத்தம் தொடங்கியவுடனேயே ஆஸ்திரேலியாவிலும் நியூஸிலாந்திலும் கத்தரிக்கப்படும் ஆட்டுரோமம் முழுவதையும் யுத்தகாலத்துக்கென விலை பேசி வாங்கிவிட்டது பிரிட்டிஷ் அரசாங்கம். குறைந்துபோனவை கப்பலில் இடமும், ஆலையில் வேலை செய்யும் கைகளுமே. இருந்த நூலிலும் முதற்பங்கு சிப்பாயின் உடுப்புக்குச் சென்றது.

நான் இங்கே சொல்ல விரும்புவது கூப்பன் வரலாற்றை அன்று. அந்தக் கட்டுப்பாடுகளின் இடுக்கில், மிச்சம் மீதிக் கம்பளியைக் கொண்டு பெண்கள் வளர்த்த ஓர் அலங்காரக் கலையை. அதை அறிய வேண்டுமாயின், எவற்றுக்குக் கூப்பன் வேண்டும் என்ற பட்டியலைக் காட்டிலும் எவற்றுக்கு வேண்டாம் என்ற பட்டியலைப் படிக்க வேண்டும். தலையில் அணியும் தொப்பிக்குக் கூப்பன் இல்லை. ரிப்பன், நாடா, லேஸ் ஆகியவற்றுக்கு இல்லை. ஜன்னல் வெளிச்சத்தை மறைக்கும் கறுப்புத் துணிக்கு இல்லை. கிழிசலைச் செப்பனிட உதவும் கம்பளி இழைக்கும் இல்லை. இந்த இழை, காலுறையின் பொத்தலை அடைப்பதற்காகச் சிறு அட்டைகளில் சுற்றி விற்கப்பட்டது. ஓர் அட்டையில் இருப்பது சில கஜங்களே. ஆயினும் பத்து நிறங்களில் பத்து அட்டைகளை வாங்கினால்? அரசாங்க உத்தரவுகளை எழுதுகிறவர்களைக் காட்டிலும் அவற்றைப் படிக்கிறவர்கள் கூர்மையானவர்கள் என்பதை, கோப்புகளோடு காலங்கழிக்கும் என் போன்றோர் நன்கு அறிவோம். பொத்தல் அடைக்க வந்த நூல் கழுத்துப் பட்டையாகவும் கையுறையாகவும் வண்ணச் சட்டையாகவும் உருமாறிற்று.

1942-இல் மற்றோர் உத்தரவு வந்தது. தொழிற்சாலையில் தைக்கப்படும் உடைகளில் இத்தனை பொத்தான்களுக்குமேல் கூடாது, இத்தனை மடிப்புகளுக்குமேல் கூடாது, பூவேலை கூடாது என்று விதித்தார்கள். ஆண்களின் கால்சட்டை நுனியை மடித்துத் தைப்பதுங்கூடத் தடை செய்யப்பட்டது. கடையில் கிடைத்த உடை ஒழுங்கானதே, உறுதியானதே, ஆயினும் மொட்டையானது. அந்த உத்தரவு ஆலையைக் கட்டுப்படுத்திற்றே ஒழிய, வீட்டில் அடுப்பங்கரையில் அமர்ந்து ஊசி பிடித்தவளைக் கட்டுப்படுத்தவில்லை. விற்பனைச் சரக்கிலிருந்து விரட்டப்பட்ட அலங்காரம் பின்னல் கூடைக்குள் புகுந்துகொண்டது. சாதாரண நீல உடுப்பின்மேல் பழைய சட்டையிலிருந்து பிரித்த வெள்ளைக் கம்பளியால் ஒரு காலரைப் பின்னிப் பொருத்தினால் அது புது உடுப்பாகத் தோன்றும். கோட்டின் முன்புறத்தில் தெரியும் அளவுக்கு மட்டும் மார்புத் துண்டு ஒன்றைப் பின்னிக்கொண்டால், உள்ளே முழுச் சட்டை இருப்பதாகவே பார்ப்பவர் எண்ணுவர்.

தலையணிகளின் கதை இன்னும் சுவையானது. 1941 டிசம்பரில் பிரிட்டன் பெண்களையும் கட்டாயத் தேச சேவைக்கு அழைத்தது. மணமாகாத இளம்பெண்கள் படைப் பிரிவுகளுக்கும் ஆயுதத் தொழிற்சாலைகளுக்கும் சென்றார்கள். சுழலும் இயந்திரத்தில் அவிழ்ந்த கூந்தல் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. கூந்தலை அடக்க ஏதேனும் வேண்டியிருந்தது. தொப்பிக்குக் கூப்பன் வேண்டாம், காசு வேண்டுமே! ஆகவே ‘ஸ்னூட்’ என்னும் பை போன்ற கூந்தல் வலையும், நெற்றியின்மேல் முடிச்சிட்ட தலைப்பாகையும் பெருவழக்காயின. தலைப்பாகை கீழ்நாடுகளிலிருந்து அவர்கள் பெயரோடு எடுத்துக்கொண்ட அணி. யுத்தத்துக்கு முன்பே சீமாட்டிகளின் நாகரிகமாக இருந்தது. அதுவே இப்போது லேத் இயந்திரத்தின் முன் நின்ற தொழிலாளிப் பெண்ணின் தலையை அடைந்தது. இவற்றைப் பின்ன இரண்டு அவுன்ஸுக்கும் குறைவான நூல் போதும். அந்நூல் எதன் மிச்சமாகவும் இருக்கலாம்.

கம்பளிப் பின்னலுக்கு இந்த வாழ்வு வந்ததன் காரணம் அதன் அமைப்பிலேயே உள்ளது. தறியில் நெய்த துணியைப் பிரித்தால் கிடைப்பவை துண்டு நூல்கள். ஊசியால் பின்னிய துணியோ ஒரே இழையின் கண்ணிகளால் ஆனது. முடித்த இடத்து முடிச்சை அவிழ்த்து இழுத்தால் தொடக்கம் வரை ஒரே நூலாக வந்துவிடும். இப்படி வரும் நூல் சுருள்சுருளாக, நெளிந்து நிற்கும். அதை நாற்காலி முதுகில் சுற்றிக் கண்டாக்கி, நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டி, இளஞ்சூட்டு நீரில் அலசி, சிறிது கனம் தொங்கவிட்டு உலர்த்தினால் நெளிவு நீங்கும். முழங்கையில் நைந்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, நல்ல பகுதியை மட்டும் உருண்டையாக்க வேண்டும். சூடான நீரில் அடித்துத் துவைத்து இறுகிப்போன சட்டை மட்டும் எதற்கும் உதவாது. அதில் இழைகள் ஒன்றோடொன்று பிணைந்துவிட்டிருக்கும். தில்லியின் குளிர்காலத்தில் உச்சி வெயிலில் அமர்ந்து, மகனுக்குச் சிறியதாகிப்போன ஸ்வெட்டரைப் பிரித்துத் தங்கைக்குப் பின்னும் தாய்மார்களைக் கண்டவர்களுக்கு இவ்வித்தையை விளக்க வேண்டியதில்லை.

பிரித்த நூல் ஒரே நிறத்தில் போதிய அளவு இராது. இங்கேதான் ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஆர்க்னி தீவுகளுக்கும் ஷெட்லாந்து தீவுகளுக்கும் நடுவே கிடக்கும் ஃபேர் ஐல் என்ற சின்னஞ்சிறு தீவு உதவிக்கு வந்தது. அத்தீவின் பின்னலில் பல நிறங்கள் கண்ணைப் பறிக்கும். ஆயினும் ஒரு வரிசையில் இரண்டே நிறங்கள்தாம் வரும். வரிசைக்கு வரிசை நிறத்தை மாற்றிக்கொண்டே போகலாம். எந்த நிறம் எந்த இடத்தில் தீர்ந்தாலும் குற்றமாகத் தெரியாது. வேண்டுமென்றே செய்ததுபோல் இருக்கும். 1588-இல் ஸ்பானிய ஆர்மடாவைச் சேர்ந்த ‘எல் கிரான் கிரிஃபோன்’ என்ற கப்பல் அத்தீவில் உடைந்தது. அதிலிருந்து கரையேறிய மாலுமிகளே இக்கோலங்களைக் கற்பித்தார்கள் என்று ஒரு கதை உண்டு. கப்பல் உடைந்தது மெய், கற்பித்தது கதை. 1920-களில் வேல்ஸ் இளவரசர் இத்தகைய சட்டையை அணிந்து கோல்ஃப் ஆடியபின் அது செல்வர்களின் நாகரிகமாயிற்று. யுத்தமோ அதைக் கந்தல் கூடையின் நாகரிகமாக்கிற்று. இளவரசருக்கு அழகாக இருந்ததைவிட இவர்களுக்கு அது பொருத்தமாக இருந்தது என்பது என் கருத்து.

இவ்வளவையும் செய்த கைகளுக்கு ஓய்வு இருந்ததா? படைவீரர்களுக்குக் காலுறையும் மஃப்ளரும் பின்னிக் கொடுக்கும் தொண்டர்களுக்குக் கூப்பன் இன்றிக் கம்பளி தரப்பட்டது. அத்தொண்டில் முன்னின்ற அமைப்புகளுள் ஒன்று, 1938-இல் ரீடிங் சீமாட்டி ஸ்டெல்லா நிறுவிய மகளிர் தொண்டர் படை. இந்தியாவில் வைஸ்ராயாக இருந்த ரீடிங் பிரபுவின் இரண்டாவது மனைவி அவர். மணமாகும் முன்பு நம் நாட்டில் வைஸ்ராயின் அலுவலர் குழாத்தில் பணிபுரிந்தவர். பகலில் தொழிற்சாலை, மாலையில் கடை வரிசை, இரவில் நிலவறையில் விமானத் தாக்குதலுக்கு அஞ்சிக் காத்திருக்கும்போது சிப்பாய்க்குப் பின்னல். அதன் பிறகே தனக்கென்று ஒரு கையுறை.

1943-இல் வர்த்தக இலாகா இது குறித்து ஒரு சிறு நூல் வெளியிட்டது. அமைச்சர் ஹ்யூ டால்டன் முன்னுரை எழுதினார். அதன் தலைப்பைத் தமிழில் ‘உள்ளதைக் கொண்டு சமாளி, கிழிந்ததைச் செப்பனிடு’ எனலாம். மொழிபெயர்ப்பதை வயிற்றுப்பிழைப்பாகக் கொண்ட எனக்கு அத்தலைப்பின் ஏவல் தொனி உறுத்துகிறது. ஏழைக் குடும்பத்துப் பெண்களுக்கு இப்பாடம் புதிதன்று. யுத்தத்துக்கு முன்பே அவர்கள் செய்துவந்தது அதைத்தான். 66 கூப்பன்களுக்கும் துணி வாங்கப் பணமின்றி, கூப்பன்களைச் சட்டவிரோதமாக விற்றவர்களும் இருந்தார்கள். புதிதாகக் கற்க வேண்டியிருந்தவர்கள் வசதி படைத்தோர். ஆனால் அறிவுரை எல்லார்க்கும் ஒரே குரலில் வழங்கப்பட்டது. நம் நாட்டிலும் 1943-இல் பருத்தித் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு உத்தரவு பிறந்தது. வங்கப் பஞ்சத்தின் ஆண்டு அது. அக்கதையைத் தனியே சொல்ல வேண்டும்.

யுத்தம் 1945-இல் முடிந்தபோதும் கூப்பன் முடியவில்லை. ஆண்டுக்கு 66 என்று தொடங்கியது, இடையில் 48 என்ற அளவுக்கு இறங்கி, யுத்த முடிவில் இன்னும் குறைந்திருந்தது. 1949 மார்ச் 15-ஆம் தேதியன்றுதான் அப்போதைய வர்த்தக மந்திரி ஹெரால்டு வில்ஸன் துணிப் பங்கீட்டை முற்றிலும் நீக்கினார். 2015-இல் லண்டன் யுத்தப் பொருட்காட்சி சாலை அக்காலத்து உடைகளைத் திரட்டி ஒரு கண்காட்சி நடத்தியது. ஆனால் மிச்சக் கம்பளியில் பின்னிய சிறு அணிகளைத் தேடிச் சேர்ப்பது எளிதன்று. அவற்றை அணிந்தவர்களே பலமுறை பிரித்து வேறொன்றாகப் பின்னிவிட்டார்கள். எந்தக் கண்ணிக்குப் பின் எந்தக் கண்ணி என்று சொல்லும் மெல்லிய அச்சுத் தாள்கள் மட்டும், யுத்தகாலக் காகிதத் தட்டுப்பாட்டால் சிறிய எழுத்தில் நெருக்கி அச்சிடப்பட்டவை, இழுப்பறைகளில் தங்கிவிட்டன.