ரெசிடென்சி மேட்ச் விகிதம்: ஒரு மறுவாசிப்பு

அமெரிக்கக் குடியுரிமை இல்லாத, வெளிநாட்டில் பட்டம் பெற்ற மருத்துவர்கள் இருதரப்பு விருப்ப வரிசைகளைப் பொருத்திப் பயிற்சி இடம் ஒதுக்கும் ரெசிடென்சி மேட்சில் இடம்பெறும் விகிதம் 2012இல் 40.6 விழுக்காடு, 2013இல் 47.6, 2024இல் 58.5. இந்த ஏறுமுகத்தைக் கொண்டு, அமெரிக்க நிபுணத்துவப் பயிற்சியின் கதவு மெல்ல அகலத் திறக்கிறது என்று வாதிடும் ஆய்வு மரபு ஒன்று உண்டு. அந்த வாசிப்பு பிழையானது என்பதே என் கருத்து. எண்களில் தவறில்லை, அவை எதை அளக்கின்றன என்பதில்தான் சிக்கல்.

முதலில் 2013. ஒரு பயிற்சித் திட்டம் தன் இடங்கள் அனைத்தையும் மேட்சுக்குள் வைக்க வேண்டும், இல்லையேல் முற்றாக விலக வேண்டும் என்ற விதி அவ்வாண்டுதான் நடைமுறைக்கு வந்தது. அதுவரை திறன்மிக்க வெளிநாட்டு மருத்துவர் பலர் மேட்சுக்கு முன்பே தனியே ஒப்பந்தமாகிக் கணக்கிலிருந்து வெளியேறியிருந்தார்கள். விதி மாறியதும் அவர்கள் கணக்குக்குள் வந்தார்கள். மொத்த இடங்களும் 26,772இலிருந்து 29,171ஆக உயர்ந்தன. இந்த உயர்வில் பெரும்பங்கு முன்பு மேட்சுக்கு வெளியே நிரம்பிவந்த இடங்களே. ஆகவே ஓராண்டில் தெரியும் ஏழு புள்ளிப் பாய்ச்சலை வரவேற்பின் அடையாளமாகக் கொள்ள இடமில்லை. 2012ஐத் தொடக்கப் புள்ளியாக வைத்து வரையப்படும் எந்தக் கோடும் ஐயத்துக்குரியது.

இதைவிடப் பெரிய சிக்கல் விகிதத்தின் பகுதியில் இருக்கிறது. அதில் இடம்பெறுபவர்கள் விண்ணப்பித்த எல்லோரும் அல்லர், விருப்ப வரிசைப் பட்டியலை உறுதிசெய்தவர்கள் மட்டுமே. 2024இல் எல்லா வகையினருமாகப் பதிவுசெய்தவர்கள் 50,413. பட்டியல் தந்தவர்கள் 44,853. விடுபட்ட 5,560 பேரில் வேறு காரணங்களுக்காக விலகியவர்களும் இருப்பார்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் நேர்காணலுக்கு அழைக்காத திட்டத்தைப் பட்டியலில் எழுதிப் பயனில்லை. எங்கிருந்துமே அழைப்பு வராதவருக்குப் பட்டியலே இல்லை. விசாவுக்குப் பொறுப்பேற்காத திட்டங்களும், பட்டம் பெற்று ஐந்தாண்டு கடந்தவரை ஒதுக்கும் திட்டங்களும் வடிகட்டுவது இந்தக் கட்டத்தில்தான். அங்கே கழிந்தவர்கள் தோற்றவர்களாகக்கூட எண்ணப்படுவதில்லை.

அவர்கள் தீவிரமில்லாத விண்ணப்பதாரர்கள் என்ற மறுப்பு எழலாம். உரிமத் தேர்வுகளை எழுதி, கட்டணங்களையும் செலுத்தி, சான்றிதழும் பெற்றவர்களைப் பற்றி இப்படிச் சொல்வதை விவாதிக்கத் தேவையில்லை.

தொகுதியும் தூய்மையானதன்று. ஓராண்டு பிரிலிமினரி அறுவை சிகிச்சை இடம் மட்டும் பெற்றவரும் மேட்சில் வென்றவராகவே எண்ணப்படுகிறார். அடுத்த ஆண்டு எங்கே என்று தெரியாத அவரையும், பொது மருத்துவத்தில் மூன்றாண்டு இடம் பெற்றவரையும் ஒரே வெற்றியாகக் கூட்டுவது நிபுணத்துவப் பயிற்சி பற்றிய ஆய்வுக்கு எவ்வகையிலும் பொருந்தாது.

ஒரே மருத்துவர் பல ஆண்டுகள் முயல்வதால் ஆண்டு விகிதம் உண்மை நிலையைக் குறைத்துக் காட்டுகிறது என்ற எதிர்வாதம் வலுவானது. ஆனால் அதுவும் இந்த விகிதத்தைக் காப்பாற்றவில்லை. வேறோர் அளவையைத்தான் கோருகிறது. ஒரே ஆண்டில் சான்றிதழ் பெற்றவர்களை ஒரு குழுவாகக் கொண்டு, ஐந்தாண்டுகளில் அவர்களுள் எத்தனை பேர் முழுப் பயிற்சி இடத்தில் சேர்ந்தார்கள் என்று எண்ண வேண்டும். 2022 ஜனவரி முதல் முதற்கட்ட உரிமத் தேர்வு மதிப்பெண் இன்றித் தேர்ச்சி, தோல்வி என மட்டுமே அறிவிக்கப்படுகிறது. அந்த மாற்றம் யாருக்கு உதவியது என்ற கேள்வியையும் அத்தகைய கணக்கில்தான் சோதிக்க முடியும்.