தனம்மாள் இல்லத்து இசையும் இசையாராய்ச்சியும்

இசையிலக்கணம் கற்றோர் ஒரு சாரார். பாடியும் வாசித்தும் வல்லோர் மற்றொரு சாரார். இவ்விருவரும் ஒருவரையொருவர் மெச்சிக் கேட்டல் அரிது. இவ்வழக்கிற்கு விலக்காக நின்றது சென்னையில் ஒரு குடும்பம்.

வீணை தனம்மாள் (1867–1938) தஞ்சை அரசவையில் ஆடிய காமாட்சியம்மாளின் பேர்த்தியாவார். ஜார்ஜ் டவுனில் அவருடைய இல்லத்திலே வெள்ளிக்கிழமை மாலைகளில் வீணை ஒலிக்கும். மேடையில்லை, ஒலிபெருக்கியில்லை, நம் காலனி வீட்டு முன்கூடம் போன்ற இடமே போதுமாயிருந்தது. மீட்டு மிக மெல்லியது. ஆதலின் கேட்போர் அசையாது அமர்ந்திருத்தல் வேண்டும். வந்தோருள் வித்துவான்களும் பலர். தீட்சிதர் வழிக் கிருதிகளைச் சாத்தனூர் பஞ்சநதய்யரிடமும், க்ஷேத்ரக்ஞர் பதங்களை வாலாஜாபேட்டை பாலகிருஷ்ணதாசரிடமும், ஜாவளிகளைத் தர்மபுரி சுப்பராயரிடமும் அவர் பெற்றிருந்தார். கூடம் அன்று அது, ஏடில்லாத நூலகம் என்பேன்.

அவ்வில்லத்துப் பேரர் தி. விசுவநாதன் (1927–2002), நாட்டியப் பேரரசி பாலசரஸ்வதியின் இளவல். திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையிடம் குழல் பயின்றவர். 1958-இல் புல்பிரைட் உதவித்தொகையுடன் லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் சென்றார். பிறர் இசையை ஆராய்வோன் அதனைத் தானும் வாசித்துப் பழகுதல் வேண்டுமென்று அங்கே மாண்டில் ஹூட் என்னும் பேராசிரியர் வற்புறுத்தி வந்தார். 1960-இல் இதுபற்றிக் கட்டுரையும் வரைந்தார். மேனாட்டுக் கழகங்களுக்கு இது புதுமை. தனம்மாள் பேரனுக்கோ வீட்டு வழக்கம்!

தாயகம் மீண்டு, 1961 முதல் சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறைக்குத் தலைமை தாங்கினார். பின்னர் மீண்டும் அமெரிக்கா சென்று, 1975-இல் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். ஆராய்ந்த பொருள் இராக ஆலாபனை. கீர்த்தனையாயின் ஏட்டில் உண்டு. ஆலாபனையோ பாடுங்கால் பிறப்பது. அதனைத் தானே பிறப்பித்தறியாத ஒருவர் அதற்கு இலக்கணம் கூறினால், நீந்தாதவன் ஆற்றின் ஆழம் சொன்ன கதையாகத்தான் முடியும்.

அவருடைய கச்சேரியில் ஒரு தனி வழக்கம் உண்டு. குழலுக்குச் சொல் இல்லை. பதத்திற்கோ சொல்லே உயிர். ஆகவே வாசிப்பினிடையே குழலை உதட்டினின்று எடுத்து, அவ்வடியை வாயாலே பாடிக் காட்டி, மீண்டும் குழலில் இசைப்பார். மாணவர்க்கு அதுவே பாடம். கேட்போர்க்கு அதுவே கச்சேரி. மாணவரான மாத்யூ ஆலனுடன் சேர்ந்து எழுதிய தென்னிந்திய இசை நூல், அவர் மறைந்த பின்னர் 2004-இல் வெளிவந்தது.