மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்டின் கார்கள்

ஒரே கார் நாட்டுக்கு நாடு வேறுபடுவதுண்டு. 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான மொரிஸ் மைனரின் முகப்பு விளக்குகள் கிறில்லோடு சேர்ந்து தாழ்வாக இருந்தன. அமெரிக்கச் சட்டம் அந்த உயரத்தை ஏற்கவில்லை. அங்கு அனுப்பிய கார்களில் விளக்குகள் மேலே ஏறின. பிறகு எல்லா நாடுகளுக்கும் அதுவே வந்தது.

இலங்கையில் வேறுபாட்டை உண்டாக்கியது யுத்தம். நாவிதன்வெளியிலிருந்து யாழ்ப்பாணம் போகும்போதெல்லாம் ஒஸ்டின் ஏ40 சோமசெட் கார்களைத் தேடிப் பார்ப்பேன். கல்யாணங்களுக்கு இன்னமும் ஓடுகின்றன. 1952–54 காலத்துத் தயாரிப்பு. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் பெற்றோல் கிடைக்காமல் போக, இவை மண்ணெண்ணெய்க்கு மாறின.

மண்ணெண்ணெயின் ஒக்டேன் குறைவு. அழுத்த விகிதம் கூடிய எஞ்சினில் அது 'நொக்' அடிக்கும். ஏ40இன் விகிதமோ ஏறக்குறைய 7:1தான், தாங்கிக்கொண்டது. ஆனால் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது. அதனால் காபரேட்டருக்குக் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எரியாத மிச்சம் எஞ்சின் ஒயிலில் இறங்கி அதைத் தண்ணியாக்கும். புகையும் மணமும் வேறு.

பழைய கார் உரிமையாளர்கள் கூடுமிடங்களில், உலகெங்கும், தொழிற்சாலையிலிருந்து வந்த கோலத்துக்குத்தான் மதிப்பு. மைனரின் தாழ்ந்த விளக்குக்குத் தனி மரியாதை உண்டு. அதே அளவுகோலில் யாழ்ப்பாணத்து மெக்கானிக் செய்த மாற்றம் வெறும் குறை. காரைப் புதுப்பிக்கும்போது கழன்றுவிடும். எனக்கு இது சரியாகப்படவில்லை. கழற்றும் முன் படம் எடுத்து, எந்தக் கராஜில், எந்த ஆண்டு, யார் செய்தது என்று கேட்டு எழுதிவைக்கலாம். செய்தவர்களில் சிலராவது இன்னும் இருக்கிறார்கள்.